பேசினால் பெரிய மனுஷன், எழுதினால் இரண்டாம் வகுப்பு

கல்லாரிலிருந்து குன்னூர் வரை மலை ரயிலுக்கு எதற்குப் பல்சக்கரம் என்று என் மகனிடம் யாராவது கேட்டால், கேட்டவருக்கு டீ ஆறிவிடும். நாலாம் வகுப்பிலேயே அப்படித்தான். பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏறுகிற பாதை, வழுக்காமல் இருக்கத் தண்டவாளத்துக்கு நடுவே இரண்டு பல்வரிசை, இரண்டையும் கொஞ்சம் முன்பின்னாக வைத்திருப்பதால் ஒரு பல் விடும்போது இன்னொன்று பிடித்திருக்கும், இஞ்சின் முன்னால் நின்று இழுக்காது, கீழேயிருந்து தள்ளும் என்று பிஸ்கட் அட்டையை வெட்டிச் செய்தே காட்டிவிடுவான். அதே வாரம் வந்த தமிழ்த் தேர்வுத் தாளில் குன்னூர் என்ற பெயரை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதியிருந்தான். குண்ணூர், குனூர், கூன்னுர். ஐம்பதுக்கு 11. கீழே சிவப்பு மையில் 'கவனக்குறைவு, சோம்பல்'.

நாங்கள் இருப்பது நீலகிரியில் அருவங்காடு பக்கம். அது சோம்பல் இல்லை, கற்றல் குறைபாடு என்று புரிய எங்களுக்கு இரண்டு வருடம் பிடித்தது. உங்களுக்கும் அவ்வளவு ஆகவேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, டீச்சரும் இல்லை, வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிற ஓர் அம்மா. அலைந்து தெரிந்துகொண்டதை அலைந்த வரிசையில் சொல்லாமல், எந்த வரிசையில் அலைந்திருக்கவேண்டுமோ அந்த வரிசையில் சொல்கிறேன்.

மீத்திறன் உள்ள பிள்ளை என்றால் முதல் ரேங்க், கற்றல் குறைபாடு உள்ள பிள்ளை என்றால் கடைசி பெஞ்ச் என்று நமக்கு மனதில் பதிந்திருக்கிறது. இரண்டும் ஒரே பிள்ளையிடம் இருக்கலாம். ஆங்கிலத்தில் இதை ட்வைஸ் எக்ஸப்ஷனல் என்பார்கள், சுருக்கமாக டூ-ஈ. இவர்களைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். சில பிள்ளைகள் கெட்டிக்காரத்தனத்தால் குறையை மூடிவிடுவார்கள், பாடத்தைக் காதால் கேட்டே சமாளித்து ஐந்தாம் ஆறாம் வகுப்பு வரை ஓட்டிவிட்டு, எழுத்து வேலை கூடும்போது திடீரென்று சரிவார்கள். சிலருக்குக் குறை மட்டும் தெரியும், உள்ளே இருக்கிற மூளை யார் கண்ணிலும் படாது. மூன்றாவது வகைதான் என் மகன்: ஒன்றை ஒன்று மறைத்து, பார்ப்பவர்களுக்கு 'சுமாரான பையன்'. சுமாரான பையனைப் பற்றி எந்தப் பள்ளியும் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசாது.

முதலில் ஒரு நோட்டுப் போடுங்கள்

யாரிடமும் போவதற்கு முன்னால் ஒரு மாதம் எழுதி வையுங்கள். பக்கத்தை இரண்டாக மடித்து, இந்தப் பக்கம் அவன் ஆச்சரியப்படுத்திய விஷயங்கள், அந்தப் பக்கம் அவன் திணறிய விஷயங்கள். 'நல்லாப் பேசுறான்' என்று எழுதினால் பிரயோஜனமில்லை. 'ஏழரை மணிக்குக் கணக்கை மனதிலேயே போட்டுச் சரியான விடை சொன்னான், அதையே எழுதச் சொன்னால் 63ஐ 36 என்று எழுதினான், நாலு கணக்குக்கு ஐம்பது நிமிடம்' என்று எழுதுங்கள். போர்டைப் பார்த்து எழுதுவதில் எத்தனை வரி விடுபடுகிறது, சத்தமாகப் படிக்கும்போது எந்த எழுத்தில் நிற்கிறான், வாய்ப்பாடு எத்தனை முறை மறக்கிறது, பள்ளி விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டுக் காரணமே இல்லாமல் எத்தனை நாள் அழுகிறான். இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் 'செல்லம் கொடுத்துக் கெட்டுப்போச்சு' என்று தள்ளிவிடுகிறார்கள். நாள் முழுவதும் மற்ற பிள்ளைகளைவிட இரண்டு மடங்கு உழைத்துச் சமாளித்த களைப்பு அது, வீடு வந்ததும் வெடிக்கிறது.

தமிழில் இது எப்படித் தெரியும் என்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் இணையத்தில் கிடைப்பதெல்லாம் ஆங்கிலத்தில் பி, டி மாற்றி எழுதுவதைப் பற்றித்தான். நம் எழுத்தில் ர-ற, ல-ள-ழ, ன-ண-ந குழப்பம் எல்லாப் பிள்ளைக்கும் கொஞ்ச நாள் இருக்கும், அது மட்டும் இருந்தால் பயப்படவேண்டாம். கொம்பைக் கவனியுங்கள். 'கெ' என்று சொல்லும்போது க முன்னால் வருகிறது, எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. 'கொ' என்றால் இந்தப் பக்கம் கொம்பு, அந்தப் பக்கம் துணைக்கால். உகர வரிசையிலோ கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, து இன்னொரு மாதிரி, ஒரே ஓசைக்கு ஒரே குறி என்ற ஒழுங்கே கிடையாது. மூன்றாம் வகுப்பு தாண்டியும் இந்த இடங்களில் தடுக்கிக்கொண்டே இருக்கிறான், ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் வேறுவேறு விதமாக எழுதுகிறான், புள்ளி வைக்க மறந்துகொண்டே இருக்கிறான், ஆனால் கதையை நீங்கள் வாசித்துக் காட்டினால் உங்களைவிட நன்றாகப் புரிந்துகொள்கிறான் என்றால் அடுத்த படிக்குப் போங்கள்.

கண், காது, அப்புறம் வீட்டு மொழி

கண்ணையும் காதையும் முதலில் பார்த்துவிடுங்கள், அரசு ஆஸ்பத்திரியிலேயே போதும். இதைச் செய்யாமல் மனநல நிபுணரிடம் போனால் அவரும் இதைத்தான் முதலில் கேட்பார்.

நம் மலையில் இன்னொரு விஷயம் உண்டு. ஹட்டி என்கிற படுகர் ஊரில் வளர்கிற பிள்ளை வீட்டில் படுகு மொழி பேசும், பள்ளியில் தமிழோ ஆங்கிலமோ. கூடலூர், பந்தலூர் பக்கம் மலையாளம், கன்னடம், பணியர் பேச்சு, குறும்பர் பேச்சு என்று வீட்டுக்கு வீடு மாறும். இப்போது எஸ்டேட்களில் ஜார்கண்டிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். புது மொழியில் திணறுவது கற்றல் குறைபாடு ஆகாது, பழகப் பழகக் குறையும். ஆனால் இதற்கு நேர் எதிரான தப்பும் நடக்கிறது. 'வீட்டில் வேற மொழி, அதான் எழுத வரல' என்று சொல்லிச் சொல்லியே உண்மையான குறைபாடு உள்ள பிள்ளையை எட்டாம் வகுப்பு வரை விட்டுவிடுவார்கள். அதே வீட்டு மொழி பேசுகிற, அதே வகுப்பில் சேர்ந்த மற்ற பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பாருங்கள், ஓரளவு விளங்கிவிடும்.

பள்ளியில் எப்படிக் கேட்பது

இங்கேதான் நான் முதல் தடவை சொதப்பினேன். கோபத்தோடு போய், 'என் பையன் ரொம்ப அறிவாளி, உங்களுக்குத்தான் புரியலை' என்று பேசினேன். டீச்சர் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருக்கிறார், அவருக்கு இது எப்படிக் கேட்டிருக்கும்? அடுத்த தடவை நோட்டோடு போனேன். 'மிஸ், இந்த இரண்டு பக்கத்தையும் பாருங்கள், எனக்கே ஒன்றும் புரியவில்லை, வகுப்பில் எப்படி இருக்கிறான் என்று சொல்லுங்கள்' என்று கேட்டேன். அவரே அட்டைப் பல்சக்கரத்தைப் பார்க்கவேண்டும் என்றார்.

கேட்கவேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள். எல்லார் முன்னாலும் சத்தமாகப் படிக்கச் சொல்லாமல் இருப்பது. போர்டில் எழுதியதை மொபைலில் போட்டோ எடுத்து அனுப்புவது. அறிவியலிலும் சமூக அறிவியலிலும் எழுத்துப்பிழைக்கு மார்க் வெட்டாமல் விஷயம் சரியா என்று மட்டும் பார்ப்பது. பத்துக் கணக்குக்குப் பதில் கஷ்டமான மூன்று கணக்குக் கொடுப்பது. கடைசி விஷயம் முக்கியம், ஏனென்றால் இந்தப் பிள்ளைகளுக்குச் சுலபமான வேலையை அதிகமாகக் கொடுப்பதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி என்றால் உங்கள் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருப்பார்கள், உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று நாலு ஒன்றியத்துக்கும் மையம் உண்டு. தலைமையாசிரியர் வழியாகக் கேளுங்கள், எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். பள்ளி தட்டிக்கழித்தால் சட்டத்தைச் சொல்லலாம்: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் சொல்லியிருக்கும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. அதைச் சீக்கிரமே கண்டுபிடித்து ஏற்றபடி கற்பிப்பது பள்ளியின் கடமை என்று 16ஆம் பிரிவிலேயே இருக்கிறது. முதல் சந்திப்பிலேயே சட்டத்தை எடுத்து மேஜையில் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

சோதனை: மொத்த எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்

எட்டு வயதுக்கு முன்னால் கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் கிடைக்காது, பயிற்சியை அதற்காகத் தள்ளிப்போடத் தேவையில்லை. எட்டு வயது தாண்டினால், குழந்தை மருத்துவர் பார்த்து, பிறகு உளவியலாளர் இரண்டு சோதனை வைப்பார். ஒன்று அறிவுத்திறன், பெரும்பாலும் மிசிக் என்கிற மாலின் சோதனையோ விஸ்க்கோ. இன்னொன்று வாசிப்பு, எழுத்து, கணக்கு இவற்றைப் பார்ப்பது, பெங்களூரில் இருக்கிற நிம்ஹான்ஸ் என்ற மனநல மருத்துவ நிறுவனம் உருவாக்கிய தொகுதியைத்தான் பலரும் பயன்படுத்துகிறார்கள். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள். தனியாரிடம் போவதானால் நம்மில் பலர் கோவைக்குத்தான் இறங்குகிறோம். பிள்ளையை அதிகாலையில் எழுப்பி, பர்லியார் வளைவுகளில் வாந்தி எடுக்க வைத்து, பத்து மணிக்குச் சோதனைக்கு உட்கார வைக்காதீர்கள். நாங்கள் அதைச் செய்தோம். முந்தின நாளே போய்த் தங்குங்கள், முடியாவிட்டால் மதிய நேரம் கேளுங்கள்.

எங்களுக்கு வந்த அறிக்கை ஒரே வரி. 'நுண்ணறிவு ஈவு 108, சராசரி.' ஐக்யூவைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள். அதைக் கொடுத்தவர் 'ஒண்ணும் பிரச்சினை இல்லைம்மா, நல்லா உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்க' என்று அனுப்பிவிட்டார். நாங்களும் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தோம், அதில் ஒரு வருடம் போனது. பிறகு வேறொருவர் அதே தாள்களைப் பிரித்துக் காட்டினார். இரண்டு விஷயத்துக்கு என்ன ஒற்றுமை என்று சொல்வது, படத்தைப் பார்த்துக் கட்டை அடுக்குவது இவற்றில் மிக உயரத்தில் இருக்கிறான். எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வதிலும், குறிகளைப் பார்த்து வேகமாக எழுதுவதிலும் வயதுக்கு ரொம்பக் கீழே. மலை உச்சியையும் பள்ளத்தாக்கையும் கூட்டி இரண்டால் வகுத்து, 'சமவெளி' என்று எழுதிக் கொடுத்த கதை.

அதனால் உட்பிரிவு மதிப்பெண்களைத் தனித்தனியாக எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விஸ்க் வைத்திருந்தால் ஜிஏஐ என்று ஒரு கணக்கு உண்டு, வேகமும் குறுகிய கால நினைவும் சார்ந்த பகுதிகளை விட்டுவிட்டு யோசிக்கும் திறனை மட்டும் பார்ப்பது, அதையும் போட்டுத் தரச் சொல்லுங்கள். கவனச்சிதறல் இருக்கிறதா என்று தனியாகப் பார்த்தார்களா, கையெழுத்துச் சிக்கலுக்கு ஆக்குபேஷனல் தெரபி என்கிற கைப்பழக்கப் பயிற்சி தேவைப்படுமா என்றும் கேளுங்கள். கேள்வி கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற பயத்தை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்குங்கள், காசு கொடுப்பது நாம்.

சான்றிதழ்

இதற்குத்தான் வீட்டில் பெரிய சண்டை வரும். 'பையனுக்கு மாற்றுத்திறனாளி அட்டையா, நாளைக்குக் கல்யாணம் ஆகவேண்டாமா' என்று என் மாமியார் மூன்று நாள் சாப்பிடவில்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் பொதுத்தேர்வில் சலுகை இல்லை, கணக்கு அவ்வளவுதான். தனியார் அறிக்கை மட்டும் போதாது, அரசு மருத்துவக் குழு பார்த்துத் தரவேண்டும், யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இணையத்தில் பதிவு செய்யவேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் எந்த நாள் போவது என்று சொல்வார்கள். கேட்காமல் பந்தலூரிலிருந்து ஊட்டி ஏறிவந்து, 'இன்னைக்கு இல்லைங்க' என்ற பதிலோடு திரும்பியவர்களை எனக்குத் தெரியும். ஆதார், போட்டோ, பள்ளிக் கடிதம், சோதனை அறிக்கை, உங்கள் நோட்டு, எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். மழை மாதம் என்றால் பிளாஸ்டிக் கவரில். 2018இல் வந்த மத்திய அரசு விதிமுறைப்படி 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பார்ப்பார்கள், பதினெட்டில் தருவது ஆயுளுக்கும் செல்லும். 14ஐக் காலண்டரில் இப்போதே குறித்து வையுங்கள், பத்தாம் வகுப்புக்குச் சற்று முன்னால் வருகிறது அது.

பலத்தைப் பறிக்காதீர்கள்

நான் சொல்லவந்ததிலேயே முக்கியமானது இதுதான். குறையைச் சரிசெய்த பிறகு திறமையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அது டாக்டராக இருந்தாலும் சரி. நாங்கள் ஆறு மாதம் ரயில் பேச்சையே நிறுத்தினோம். 'எழுத்து சரியாகட்டும், அப்புறம் ஸ்டேஷனுக்குப் போகலாம்' என்று. எழுத்தும் சரியாகவில்லை, பையன் பேசுவதையும் குறைத்துக்கொண்டான், தினமும் காலையில் வயிற்றுவலி. பிள்ளைக்குத் தான் கெட்டிக்காரன் என்று தெரிகிற ஒரே இடத்தையும் பிடுங்கிவிட்டு, தினம் எட்டு மணி நேரம் அவனுக்கு வராததையே செய்யச் சொன்னால் பெரியவர்களே தாங்கமாட்டோம். இரண்டும் ஒரே நாளில், பக்கம் பக்கமாக ஓடவேண்டும். எழுத்து வேலை முடிக்கவில்லை என்பதற்குத் தண்டனையாக அந்தப் பிடித்த வேலையை நிறுத்தவே கூடாது.

தீனி போட நம் மலையில் இடமா இல்லை? ஊட்டி முத்தோரையில் 1970இல் கட்டிய ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது, 530 மீட்டர் நீளம். அந்த மலைச்சரிவு சுமார் 11 டிகிரி, நம் அட்சரேகையும் அதே அளவு, அதனால் சரிவில் வைத்ததுமே பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. இதை என் மகனிடம் சொன்ன அன்று அவன் ராத்திரி தூங்கவில்லை, டார்ச்சும் ஆரஞ்சுப்பழமும் வைத்துச் செய்து பார்த்துக்கொண்டிருந்தான். செடி பிடித்த பிள்ளைக்கு சிம்ஸ் பூங்காவும் சோலைக்காடும், இயந்திரம் பிடித்த பிள்ளைக்குத் தெரிந்தவர் மூலமாக ஒரு டீ ஃபேக்டரியில் அரை நாள். இலை வாடுவதிலிருந்து தூள் பிரிப்பது வரை நின்று பார்த்து, கேள்வி கேட்டால் பதில் சொல்கிற ஒரு போர்மேன் அண்ணன் கிடைத்தால் போதும், ஆயிரம் ரூபாய் ஆன்லைன் கோர்ஸ் தேவையில்லை.

எழுத்துப் பயிற்சி

தினம் இருபது நிமிடம், அதற்கு மேல் வேண்டாம், ஒரு நாளும் விடவும் வேண்டாம். பார்ப்பது, சொல்வது, கேட்பது, தொடுவது நாலும் ஒன்றாக நடக்கவேண்டும். தட்டில் கோலமாவைப் பரப்பி விரலால் எழுதச் சொல்லுங்கள், எழுதும்போதே ஓசையைச் சொல்லவேண்டும். ஒரு வாரத்துக்கு ஒரு குறி, இந்த வாரம் ஒற்றைக் கொம்பு என்றால் கொம்பு மட்டும்தான். கொம்புக்கு ஒரு நிறம், துணைக்காலுக்கு ஒரு நிறம் கொடுத்தது எங்களுக்கு நன்றாக வேலை செய்தது.

பாடப்பொருள் மட்டும் பிள்ளையின் மூளைக்கு ஏற்றதாக இருக்கட்டும். பத்து வயதுப் பையனிடம், அதுவும் இஞ்சின் பற்றிப் பேசுகிறவனிடம், அணில் ஆடு படப் புத்தகத்தைக் கொடுத்தால் அவமானப்படுவான். கல்லார், அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமீடு, காட்டேரி, குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஸ்டேஷன் பெயர்களை வைத்தே நாங்கள் மூன்று மாதம் ஓட்டினோம். கேத்தியில் இரட்டைக் கொம்பு, கல்லாரில் துணைக்கால், ஹில்குரோவில் ஒரே எழுத்துக்கு இந்தப் பக்கம் கொம்பு, அந்தப் பக்கம் கால். இதைவிட நல்ல பாடப்புத்தகம் யார் போடப்போகிறார்கள்? வாசிப்பிலும் எழுத்திலும் வரும் இந்தக் குறைபாட்டுக்கு டிஸ்லெக்சியா என்று பெயர், வழிகாட்டி வேண்டுமென்றால் சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் பல வருடங்களாக ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் பயிற்சி தருகிறது.

தேர்வும் கருவிகளும்

மாநிலப் பாடத்திட்டத்தில் சான்றிதழ் உள்ளவர்களுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு, இவை உண்டு. பள்ளி வழியாகத் தேர்வுத் துறைக்கு விண்ணப்பிக்கவேண்டும், ஒன்பதாம் வகுப்பு முடியும்போதே பேச்சைத் தொடங்குங்கள். மொழி விலக்கை நான் கடைசியாகத்தான் எடுப்பேன், பிறகு எந்தப் படிப்புக்கு எந்த மொழி தேவைப்படும் என்று விசாரித்துவிட்டு. மூச்சுத்திணறுகிற பிள்ளைக்குத் திறந்தநிலைப் பள்ளியான என்ஐஓஎஸ் ஒரு நல்ல வழி, ஐந்து வருடத்துக்குள் ஒன்பது முறை எழுதிப் பாஸ் செய்யலாம், பாடங்களைத் தேர்ந்தெடுக்கவும் இடம் உண்டு.

சொல்வதை எழுதுபவர் கிடைத்துவிட்டால் மார்க் தானாக வராது. மனதில் வரிசைப்படுத்தி, நிறுத்தி நிறுத்தி, இன்னொருவர் கைக்கு ஏற்ற வேகத்தில் சொல்வது தனிப் பழக்கம். எட்டாம் வகுப்பிலிருந்தே வாரம் ஒரு பதிலை அப்படிச் சொல்லிப் பழக்குங்கள், நான் சமைத்துக்கொண்டே கேட்பேன், அவன் அக்கா எழுதுவாள், இருவருக்கும் சண்டை வரும், பரவாயில்லை. வீட்டுப்பாடத்துக்கு மொபைலில் தமிழில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது, எழுதியதை வாசித்தும் காட்டுகிறது. அது ஏமாற்று வேலை என்று நினைப்பவர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பதையும் ஏமாற்று என்று சொல்லவேண்டும்.

பிள்ளையிடம் என்ன சொல்வது

உள்ளதைச் சொல்லுங்கள். மறைத்தால் அவன் 'நான் மக்கு' என்று தானே ஒரு பதில் கண்டுபிடித்து வைத்திருப்பான். நாங்கள் அறிக்கையின் வரைபடத்தையே காட்டினோம், எது உயரம், எது பள்ளம் என்று. ரொம்ப நேரம் பார்த்தான். இது போயிடுமா என்று கேட்டான். போகாது, ஆனால் பழகப் பழக வேகம் வரும், அதுவரைக்கும் வேறு வழியில் போகலாம் என்றோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அப்படியானால் தேர்வில் எழுதுவதை அந்த ஆள் எழுதட்டும், படம் வரைவதை மட்டும் யாரும் தொடக்கூடாது, நானே வரைவேன் என்றான். பள்ளியில் கேட்டோம், ஒத்துக்கொண்டார்கள். சென்ற அரையாண்டில் இதயத்தின் குறுக்குவெட்டுக்கு முழு மார்க், பாகங்களின் பெயர்களை மட்டும் அக்கா தோழி ஒருத்தி எழுதினாள்.